திரையில் இல்லாத ஏழாவது வரிசை

ஒரு டாக்டர் பட்டம் வாங்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அதைக் கெடுக்க இருபது நிமிடம் போதும். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தென்காசியில் ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில், என் மருமகளின் ஆய்வை வைத்து, சுமார் எழுபது பேர் முன்னிலையில் நானே செய்து பார்த்தேன். (எழுபத்து மூன்று பேர். 'சுமார்' என்று எழுதிவிட்டு என்னால் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போக முடியாது.)

நான் எதையும் எண்ணுகிறவன். அரசாங்கத்தில் புள்ளிவிவர வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆலங்குளம் பக்கம் கிணறுகள், செங்கோட்டைப் பக்கம் தென்னைகள், எல்லாப் பக்கமும் ஆடுமாடுகள் என்று எண்ணித் தீர்த்தவன். ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்குக் கிணறு கிடைக்காததால் வீட்டில் இருப்பதை எண்ண ஆரம்பித்தேன். மாடிப்படி, மாத்திரை, குக்கர் விசில். என் மனைவி கோமதி மூன்றாவது விசிலில் அடுப்பை அணைக்கப் போனால், "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். அந்த வழக்கம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

என் மருமகள் சங்கரி இங்கே ஒரு கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கிறாள். மகன் வளைகுடாவில் வேலையில் இருக்கிறான். அவள் எங்களோடு இருந்துகொண்டு கல்லூரிக்கும் போய், ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் எங்கள் ஊருக்கே உரியது.

வெளியூர்க்காரர்களுக்காக விளக்கிவிடுகிறேன். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும், தென்காசியில் சொந்த வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். பத்து மாதம் போன் செய்யாத சித்தப்பா மகன், "அண்ணே, தண்ணி நல்லா விழுதாமே?" என்று கேட்பான். அதற்கு அர்த்தம், சனிக்கிழமை காலை ரயிலில் ஆறு பேர் வருகிறார்கள் என்பது. அவர்கள் ஐந்தருவி, பேரருவி, பழைய குற்றாலம் என்று நனைந்துவிட்டு, ரம்புட்டான் பழப் பையோடு, அகோரப் பசியோடு வீட்டுக்கு வருவார்கள். இட்லி யார் அவிப்பது, ஈரத்துண்டை யார் பிழிவது, அடுத்த நாள் அருவிக்குப் புளியோதரை யார் கட்டிக் கொடுப்பது? வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்குச் சீசன் எப்படி இருக்கிறது, ஓய்வு உண்டா, அவர்களாவது அருவிக்குப் போகிறார்களா என்பதுதான் சங்கரியின் ஆய்வு. ஆய்வுத் தலைப்பின் வாலில் 'ஒரு கலப்புமுறை ஆய்வு' என்று இருந்தது.

"கலப்புமுறைன்னா என்னம்மா? பாதிப் பாதியா?" என்று கேட்டேன்.

"அப்படி இல்ல மாமா. முதல்ல நூறு வீட்டுல ஒரே மாதிரி கேள்வி கேட்டு எண்ணிக்கை எடுக்கணும். அது என்ன நடக்குதுன்னு சொல்லும். அப்புறம் அதே நூறு பேர்ல கொஞ்சப் பேரத் தேர்ந்தெடுத்து, நிதானமா உக்காந்து பேசணும். அது ஏன் நடக்குதுன்னு சொல்லும். கடைசில ரெண்டையும் ஒரே அட்டவணையில வைக்கணும். இடது பக்கம் எண்ணிக்கை, வலது பக்கம் அவங்க சொன்ன வார்த்தை."

"ரெண்டும் ஒத்துப்போகலைன்னா?"

"அங்கனதான் மாமா ஆய்வே இருக்கு. ஒத்துப்போகாதத மறைக்கக் கூடாது. ஏன் ஒத்துப்போகலைன்னு தேடணும்."

எண்ணிக்கையும் பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சைத் திருத்த வேண்டும் என்பது அன்றுவரை என் கொள்கை. வலது பக்கத்தை நான் சாப்பாட்டில் அப்பளம் மாதிரி நினைத்தேன். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பசி அடங்கும். ஆனால் இடது பக்கம் என்றதும் என் கை அரித்தது. "நூறு வீட்டையும் நான் பாத்துக்கிடுதேன். நீ காலேஜுக்கும் ஆராய்ச்சிக்கும் அலைஞ்சு எப்படிச் செய்வே?" என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "பதில் சொல்லுதது அந்த வீட்டுப் பொம்பளைங்களா இருக்கணும் மாமா. அது முக்கியம்" என்றாள்.

"எனக்கா சொல்லித் தாரே?" என்றேன்.

சீசன் முடிந்து, விருந்தாளிகள் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, நான் தெருவில் இறங்கினேன். தென்காசியில் அறுபது வீடு, குற்றாலத்தில் நாற்பது. வெயில் படாமல் இருக்கக் குடை, மழை வந்தால் படிவம் நனையாமல் இருக்கப் பாலித்தீன் உறை, பேனா தீர்ந்தால் இன்னொரு பேனா, அதுவும் தீர்ந்தால் பென்சில் என்று எல்லாக் கவலைக்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் ஏற்பாடு செய்யவில்லை. கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

ஆண்கள்தான் திறந்தார்கள். "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்று நாற்காலி போட்டார்கள். கேள்வியைக் கேட்டதும் அவர்களே பதிலும் சொன்னார்கள். "சீசனில் வீட்டுப் பெண்களுக்குப் போதிய ஓய்வு கிடைக்கிறதா?" "அவளுக்கு என்ன அண்ணாச்சி குறைச்சல்?" அந்த அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போவார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனவே சம்மதம். 'பதிலளித்தவர்' என்ற இடத்தில் 'குடும்பத் தலைவி' என்று மனச்சாட்சி உறுத்தாமல் எழுதினேன். அவர் அங்கே இருந்தார் அல்லவா?

எங்கள் தெருவில் காதர் பாய் வீட்டிலும் இப்படித்தான். பாய் எனக்கு நாற்பதாண்டுப் பழக்கம். ஜவுளிக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டு என்னைப் போலவே வீட்டில் இருக்கிறார். "முழுத் திருப்தின்னு போடுங்க அண்ணாச்சி" என்று அவர் சொன்னபோது, உள்ளே அவர் மனைவி ஜெய்னம்பு ஏதோ பாத்திரத்தைத் தொம்மென்று வைத்த சத்தம் கேட்டது. நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு பாயைப் பார்த்தேன். "அது சம்மதம்தான், எழுதுங்க" என்றார். எழுதினேன்.

எங்கள் வீடும் அந்த நூறில் ஒன்று. அதற்கான படிவத்தை என் மேசையிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். 'அருவிக்குச் செல்ல வாய்ப்பு உள்ளதா?' உள்ளது, பஸ் அடிக்கடி இருக்கிறது. 'சீசன் காலம் குறித்து உங்கள் மனநிலை?' முழுத் திருப்தி. கோமதி எட்டடி தூரத்தில் அடுப்படியில்தான் இருந்தாள். கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. நான்கு மணி காபி தாமதமாகிவிடுமே என்ற கவலைதான் தோன்றியது.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீட்டில் முழுத் திருப்தி. மீதி நாலு வீட்டில் கணவர்கள் ஊரில் இல்லை. அந்தப் பெண்களே பதில் சொல்லிவிட்டார்கள். நாலு பேரும் ஒரே மாதிரி முனகியதை ஒரு விதிவிலக்கு என்று நினைத்தேன். இன்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆய்வின் முடிவு முழுவதும் அந்த நாலு வீட்டில் உட்கார்ந்திருந்தது. நான் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சங்கரி பேட்டி எடுக்கப் போனாள். எங்கள் தெருவுக்கு மட்டும் அவள் தோழி ஒருத்தி வந்தாள். சொந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும் தானே கேட்கக் கூடாது என்பது விதியாம். பேட்டி கொடுத்தவர்களின் பெயர் வெளியே வராது, எண் மட்டும்தான் இருக்கும். தோழி வந்த நாளில் கோமதி என்னைச் செங்கோட்டைக்கு நேந்திரங்காய் வாங்க அனுப்பினாள். "அஞ்சாறு கடையில வெல கேட்டுட்டு வாங்குங்க" என்றாள். (எதைக் கொடுத்தால் எனக்கு நேரம் போகும் என்று அவளுக்குத் தெரியும்.) ஒன்பது கடையில் விசாரித்துவிட்டுச் சாயங்காலம் வந்தேன்.

பேட்டிகள் முடிந்ததும் சங்கரியின் முகத்தில் குழப்பம் தெரிந்தது. படிவத்தில் முழுத் திருப்தி சொன்ன பெண்கள், உட்கார்ந்து பேசினால் கண்ணீர் விடுகிறார்கள், திட்டுகிறார்கள், சீசன் என்றாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது ஏன் என்று மாதக்கணக்கில் யோசித்தாள். கடைசியில், எங்கள் பகுதிப் பெண்கள் எழுத்தில் கேட்டால் வீட்டு மானத்துக்காக உண்மையை மறைப்பார்கள், நெருங்கிப் பேசினால்தான் சொல்வார்கள் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினாள். மிக நல்ல அத்தியாயம். நானே இரண்டு முறை வாசித்தேன். அதில் இருந்த ஒரே குறை, அந்தப் பெண்களிடம் யாருமே எழுத்தில் எதையும் கேட்டிருக்கவில்லை என்பதுதான். அது எனக்கு உறைக்கவில்லை.

ஆய்வைச் சமர்ப்பிக்கும் முன், பதில் சொன்னவர்களையே கூட்டி வைத்து, "நாங்கள் கண்டது இது, சரிதானா?" என்று கேட்பது ஒரு நல்ல வழக்கமாம். சங்கரி ஜூன் முதல் வாரத்தில் அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் திருப்தி என்றால் அன்றே கையெழுத்து. ஜூலை முடிவதற்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தால்தான் கல்லூரியில் சங்கரியின் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அன்று காலையிலிருந்து மைக் வேலை செய்யுமா, மின்சாரம் போகுமா, பேராசிரியை பழைய குற்றாலம் பார்க்கப் போய்விடுவாரா என்று வரிசையாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனால் திரையில் ஒன்றும் தெரியாதே என்று, சங்கரியின் மேசையில் கிடந்த ஒரு பழைய அச்சுப் பிரதியை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"மாமா, எண்ணிக்கை மட்டும் நீங்க சொல்லுங்க. வலது பக்கம் நான் பாத்துக்கிடுதேன்" என்று சங்கரி மூன்று தடவை சொன்னாள்.

மண்டபத்தில் முன்வரிசையில் பேராசிரியை. இரண்டாவது வரிசையில் காதர் பாய். பெண்கள் எல்லாரும் வலது பக்கம். கோமதி தூண் ஓரத்தில், ஜெய்னம்புவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து நின்று எண்ணிக்கைகளை வாசித்தேன். தொண்ணூற்றாறு என்றதும் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. என் உழைப்பைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்த அட்டவணை திரையில் வந்தது. சங்கரி எழுந்து மைக்கை வாங்கக் கையை நீட்டினாள். நான் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் வழக்கம்போல் எண்ணிவிட்டேன். திரையில் ஆறு வரிசை. சட்டைப் பையிலிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஏழு.

"ஒரு வரிசை குறையுதேம்மா" என்றேன், மைக்கில்.

சங்கரி கண்ணை அகல விரித்து, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். பாவம், பதற்றத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். "பரவால்ல, எங்கிட்ட இருக்கு" என்று அவளைத் தேற்றிவிட்டு, சபையைப் பார்த்து, கிடைத்த தகவலில் ஒன்றைக்கூட விடக்கூடாது, விட்டால் அது ஆய்வே இல்லை என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். பேராசிரியை ஆமோதித்துத் தலையசைத்தார். அது எனக்குத் தெம்பு கொடுத்தது. வாசித்தேன்.

"பங்கேற்பாளர் ஏழு. 'ஒவ்வொரு சீசனுக்கும் வாரவுகளுக்கெல்லாம் துண்ட எடுத்துக் கொடுத்து அனுப்புதேன். நான் அருவியில தலைய நனைச்சு பதினோரு வருசம் ஆச்சு.'" நிறுத்தினேன். "கொஞ்சம் மிகைப்படுத்துதாக போல. இங்கன இருக்க அருவிக்குப் பதினோரு வருசமா போகாம யாராவது இருப்பாங்களா?" என்று கேட்டேன். தொடர்ந்தேன்.

"'எங்க வீட்டுக்காரவுக வந்த விருந்தாளிய எண்ணுவாக. அவுக தின்ன தோசைய எண்ணுவாக.'"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தோசைய எண்ணுத மனுசன் கூடவா இருப்பான்?" என்றேன். சிரிப்பு பெரிதானது. எனக்கு மேடைப்பேச்சு இவ்வளவு நன்றாக வரும் என்று அதுவரை தெரியாது.

"'கொடியில காயப்போட்ட துண்ட எண்ணுவாக. ஒரு துண்டு குறைஞ்சா வந்தவுகளுக்குப் போன் போட்டுக் கேப்பாக.'"

இப்போது ஆண்கள் பக்கமும் குலுங்கியது. ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பேராசிரியை மட்டும் காரணம் புரியாமல் இருபக்கமும் பார்த்தார். சங்கரி நாற்காலியில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடியிருந்தாள். (சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். இதற்கு மேல் என்ன சொல்ல?) சபை என் பிடியில் இருப்பதாக உணர்ந்தேன். அந்த உற்சாகத்தில், வாழ்க்கையில் நான் பேசிய மிக மோசமான வாக்கியத்தைப் பேசினேன்.

"இந்த வீட்டுக்காரர் இந்தச் சபையில இருந்தா, தயவுசெஞ்சு கொஞ்சம் எழுந்து நிக்கட்டும். நாமளும் அந்த மூஞ்சியப் பாப்போம்."

இரண்டாவது வரிசையிலிருந்து காதர் பாய் சாவகாசமாகச் சொன்னார்:

"நீங்க ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தான இருக்கீக, அண்ணாச்சி?"

மண்டபம் வெடித்தது. அந்த ஆண்டு மழைக்குப் பேரருவியில்கூட அப்படி ஒரு சத்தம் வந்திருக்காது. நான் கோமதியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வேறு யாருடைய வீட்டு விஷயமோ போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கையிலிருந்த தாளில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது. அதை நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. 'எனக்கு எப்படி இருக்குன்னு கேட்டா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல.'

சிரிப்பு அடங்கட்டும் என்று பேராசிரியை காத்திருந்தார். பிறகு எழுந்தார். அவர் கேட்டது என்னைப் பற்றிய கேள்வியே அல்ல.

"சங்கரி, இந்த அம்மா பேட்டியில யாரும் கேக்கலைன்னு சொல்லியிருக்காங்க. அந்தக் கடைசி வரிய நான் உன்னோட மூலப் பிரதியில பாத்தேன். ஆனா இவங்க வீட்டுப் படிவத்துல 'முழுத் திருப்தி'ன்னு இருக்கே. அந்தப் பதில் யாரு சொன்னது?"

சங்கரி என்னைப் பார்த்தாள். எழுபத்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"குடும்பத் தலைவி" என்றேன்.

"என்னட்ட எப்பக் கேட்டீக?" என்று தூண் ஓரத்திலிருந்து கோமதியின் குரல் வந்தது.

அவ்வளவுதான். அணை உடைந்தது. "எங்கிட்டயும் கேக்கல" என்றார் ஒரு பெண். "நான் காப்பி கொண்டாந்து வச்சேன், அத்தோட சரி" என்றார் இன்னொருவர். ஜெய்னம்பு எழுந்து நின்றே பேசினார்: "குண்டானத் தூக்கித் தொம்முன்னு வச்சேன், அதயும் சம்மதம்னு எழுதிட்டாக." காதர் பாய் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

பேராசிரியை என்னிடம் திரும்பினார். "ஐயா, நீங்க அனுபவசாலி. பெண்களைப் பத்தின கேள்விய ஏன் ஆண்கள்கிட்டக் கேட்டீங்க?"

"வீட்டுக்குப் பொறுப்பானவங்களக் கேக்குததுதான் எங்க பழக்கம் மேடம். முப்பது வருசத்துக்கு மேல அப்படித்தான் கணக்கெடுத்தேன்."

"எதை?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆடு, மாடு" என்றேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

பேராசிரியை கையெழுத்துப் போடவில்லை. கூட்டம் கலைந்த பிறகு எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். சங்கரிக்கும் திட்டு உண்டு. கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று ஐந்து வீட்டுக்காவது கூடப் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா, ஊரே கண்டுபிடிக்கக்கூடிய வார்த்தைகளை அப்படியே எழுதிவிட்டு எண் மட்டும் போட்டால் பெயரை மறைத்ததாகிவிடுமா என்று கேட்டார். அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்துதான் ஏழாவது வரிசையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டதாகச் சங்கரி மெதுவாகச் சொன்னாள். பழைய பிரதி மேசையில் கிடந்தது அவள் தவறு. அதை எடுத்தது என் தவறு. வாசித்தது எத்தனை தவறு என்று எண்ண எனக்கு அன்று மனமில்லை.

"அந்த அத்தியாயம் போச்சு. பெண்கள் மறைச்சாங்கன்னு எழுதியிருக்கே, அவங்க மறைக்கல. ஆனா இந்தத் தொண்ணூத்தாறத் தூக்கிப் போடாதே. இது கணவர்கள் சொன்னதுன்னு பேர மாத்தி அப்படியே வை. இப்ப அதே வீடுகள்ல பெண்களைக் கேளு. பேட்டியோட சேத்து மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுது. ஜூலைக்குள்ள முடிச்சா நான் கையெழுத்துப் போடுறேன். முடியலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் பேராசிரியை.

கையில் இருந்தது ஏழு வாரம். நூறு வீடு. கல்லூரிக்கு லீவு போட்டாலும் சங்கரி ஒருத்தியால் ஆகாது. "நான் போறேன்" என்று பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

"நானும் சங்கரியும் போயிட்டு வாரோம். நீங்க வீட்டப் பாத்துக்கிடுங்க" என்றாள் கோமதி.

வீடு என்றால் வெறும் வீடு அல்ல. அது சீசன். அடுத்த சனிக்கிழமையே மதுரையிலிருந்து என் தம்பி குடும்பம் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். நான்கு நாள் தங்குவதாகத் திட்டம். காலையில் கோமதியும் சங்கரியும் படிவக் கட்டோடு கிளம்பிப் போய்விட்டார்கள். நான் ரவை உப்புமா கிண்டினேன். ஏழு பேருக்கு எத்தனை டம்ளர் ரவை என்று துல்லியமாகக் கணக்குப் போட்டேன். தண்ணீரைக் கணக்குப் போட மறந்துவிட்டேன். தம்பி மனைவி கரண்டியை உப்புமாவில் நிறுத்தினாள், அது நின்றது. மறுநாள் இட்லி. அதைப் பற்றி எழுத வேண்டாம். இரண்டாம் நாள் சாயங்காலம் தம்பி, "அண்ணே, ஆபீஸ்ல அவசரம்" என்றான். அவன் ஓய்வு பெற்று ஒரு வருடமாகிவிட்டது. அதைச் சுட்டிக்காட்டும் தைரியம் எனக்கு இல்லை. செய்தி பரவி, அந்தச் சீசனில் அதற்குப் பிறகு வந்தது இரண்டே குடும்பம்.

அந்த இரண்டு குடும்பத்துக்கே என் இடுப்பு விட்டுப்போயிற்று. அடுப்படிக்கும் கூடத்துக்கும் எத்தனை நடை என்று முதல் நாள் எண்ணினேன். மத்தியானத்துக்கு மேல் எண்ணுவதற்குத் தெம்பு இல்லை.

கணக்கெடுப்பும் சுலபமாக நடக்கவில்லை. சீசன் நேரத்தில் போய்ச் சீசன் கஷ்டமா என்று கேட்டால் எந்தப் பெண் உட்கார்ந்து பதில் சொல்வாள்? "ஏட்டி, கையில மாவு இருக்கு, அப்புறம் வா" என்று துரத்தினார்களாம். கோமதிதான் அதற்கு வழி கண்டுபிடித்தாள். அடுப்படிக்குள்ளேயே போய், அவர்கள் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தானும் நறுக்கிக்கொண்டே கேட்டாள். சங்கரி நின்றபடி எழுதினாள். இலத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்த ஓர் அம்மாவைத் தேடிப் போய், அங்கே கேட்டுக்கொண்டு வந்தார்கள். மொத்தம் எண்பத்தெட்டு வீடுதான் கிடைத்தது. மீதிப் பன்னிரண்டை ஏன் கேட்க முடியவில்லை என்பதையும் அப்படியே எழுதினார்கள். நானாக இருந்தால் நூறாக்கிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கடைசி நாள் வேலை குற்றாலத்தில் இருந்தது. இருவரும் சாயங்காலம் திரும்பினார்கள். கோமதியின் தலைமுடி ஈரமாக, முடியப்படாமல் தோளில் கிடந்தது.

"எவ்வளவு நேரம் நின்னே?" என்று கேட்டேன்.

"எண்ணல" என்றாள்.

ஆய்வேடு ஜூலை கடைசியில் போய்ச் சேர்ந்தது. சங்கரிக்குப் பட்டம் வந்தது, வேலையும் நிரந்தரமானது. நன்றியுரைப் பக்கத்தில் என் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறந்தேன். கோமதியின் பெயர் இருந்தது. ஜெய்னம்புவின் பெயர்கூட இருந்தது. நான் ஆய்வுமுறை அத்தியாயத்தில் இருக்கிறேன். 'முதற்கட்டக் கணக்கெடுப்பாளர்' என்று இரண்டரைப் பக்கத்துக்கு வருகிறேன். நெறிமுறை கருதிப் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. தென்காசியில் அது யார் என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை.

அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், நான் பேச எழுந்தால் காதர் பாய், "பாத்து எழுந்திரிங்க அண்ணாச்சி" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. கதை தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலிலிருந்து சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் எண்ணிய தோசைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.

சென்ற மாதம் டாக்டரிடம் போனோம். சரியாகத் தூக்கம் வருவதில்லை, ஒரு மாத்திரை எழுதி வாங்கலாம் என்று நான்தான் கிளம்பினேன். கோமதியும் சங்கரியும் கூட வந்தார்கள்.

"தூக்கம் எப்படி ஐயா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாத் தூங்குதாக" என்றாள் கோமதி. "குறட்டை பாய் வீடு வரைக்கும் கேக்கு."

நான் டாக்டரைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"குடும்பத் தலைவி சொல்லியாச்சு, எழுதிக்கிடுங்க டாக்டர்" என்றாள் சங்கரி.

டாக்டர் எழுதிக்கொண்டார். மாத்திரை கிடைக்கவில்லை. ஆட்டோவில் வரும் வழி முழுவதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அன்றிரவு மாத்திரை இல்லாமலேயே படுத்தேன். காலையில் கோமதி தட்டி எழுப்பும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகும் தினமும் அப்படித்தான். அவள் சொன்னதுதான் சரி என்பதை நான் வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.